டர்போ எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? விரலுக்குத் தகுந்த வீக்கம்

நண்பன் ஒருவன் தன் 2 லிட்டர் பெட்ரோல் காரில் இருந்த டர்போவை, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவியை, கழற்றிவிட்டு, அதைவிட இரண்டு மடங்கு பெரியதாக ஒன்றைப் பொருத்தினான். பெரிதாகப் போட்டால் பவர் கூடும் என்பது அவன் கணக்கு. வண்டி வெளியே வந்த முதல் நாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினான். மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தான். 3000 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை), 3500, 4000 என்று ஊசி ஏறியதே தவிர வண்டியில் இழுவையே இல்லை. 4500-ஐத் தாண்டியதும் முதுகில் யாரோ எட்டி உதைத்தது மாதிரி பாய்ந்தது. அதை ரசிப்பதற்குள் 6500 வந்துவிட்டது, கியரை மாற்றியாக வேண்டும். தினசரிப் போக்குவரத்தில் அந்த எஞ்சின் 4500-ஐப் பார்க்கும் நேரம் எவ்வளவு இருக்கும்? அநேகமாக இல்லை. காசு கொடுத்து வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. டர்போ பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் ‘எத்தனை பிஎஸ்ஐ பூஸ்ட்?’, ‘எத்தனை ஹெச்பி தாங்கும்?’ என்ற இரண்டு கேள்விகளிலேயே முடிந்துவிடுகிறது (பூஸ்ட் என்பது டர்போ தரும் கூடுதல் அழுத்தம், பிஎஸ்ஐ அதை அளக்கும் அலகு). உண்மையில் டர்போவின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது, எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம். அதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து போவோம்.

எஞ்சினுக்குப் பஞ்சம் காற்றில்தான்

பெட்ரோல் எரிந்துதான் சக்தி வருகிறது. ஆனால் 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டரில் சொன்னால் இன்னும் உறைக்கும்: 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9000 லிட்டர் காற்று. பெட்ரோலை அதிகமாகப் பீய்ச்சுவது சுலபம், பெரிய இன்ஜெக்டர் போட்டால் முடிந்தது. அவ்வளவு காற்றைச் சிலிண்டருக்குள் சேர்ப்பதுதான் பாடு.

டர்போ இல்லாத எஞ்சின் காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிரிஞ்ச் தண்ணீரை உறிஞ்சுவது மாதிரி காற்று உள்ளே வரும். 2 லிட்டர் எஞ்சின் என்றால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அதிகபட்சம் 2 லிட்டர் காற்று, அவ்வளவுதான். இடத்தைப் பெரிதாக்காமல் அதே இடத்தில் அதிகக் காற்றை அடைக்க வேண்டுமானால் வெளியிலிருந்து யாராவது தள்ள வேண்டும். அந்தத் தள்ளும் வேலைக்கு எக்ஸாஸ்ட் புகையையே பயன்படுத்தலாம் என்ற யோசனைக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-லேயே காப்புரிமை பெற்றார்.

ஒரே தண்டு, இரண்டு சக்கரம்

டர்போவைப் பிரித்தால் உள்ளே இருப்பது வியப்பூட்டும் அளவுக்கு எளிமையான பொருள். ஒரு தண்டு. அதன் ஒரு முனையில் டர்பைன், அதாவது எக்ஸாஸ்ட் புகை சுழற்றுகிற சக்கரம். மறுமுனையில் கம்ப்ரசர், அதாவது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அழுத்துகிற சக்கரம். டர்பைன் சுற்றினால் கம்ப்ரசரும் சுற்றும். சிறுவர்கள் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அந்தக் காற்றாடியின் குச்சிக்கு மறுபக்கம் ஒரு மின்விசிறி இறக்கையை ஒட்டியது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

நண்பன் அந்தப் பெரிய டர்போவைப் பொருத்துவதற்கு முன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். கம்ப்ரசர் சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கும். கத்தி மாதிரி மெல்லிய அலுமினிய இதழ்கள். விரலால் சுண்டினால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நிற்கிறது. தண்டைப் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடவும் செய்கிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த ஆட்டத்தைக் கண்டு, பேரிங் போய்விட்டது என்று பதறுவதுண்டு. சாதாரண பேரிங் உள்ள டர்போவில் சற்று ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். ஓடும்போது அந்த இடைவெளியை எஞ்சின் ஆயில் நிரப்பும், தண்டு அந்த ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றும். விரலுக்கு இப்படிச் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிற இதே தண்டு, வேலை செய்யும்போது நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுற்றும்.

அந்த லட்சத்தை எட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில்தான் அளவின் சங்கதி முழுவதும் அடங்கியிருக்கிறது. சுற்றாமல் இருப்பது சுற்றத் தொடங்குவதற்குக் காட்டும் எதிர்ப்பை நிலைமம் என்கிறோம். கனமான மாவரைக்கும் கல்லைச் சுற்ற ஆரம்பிப்பது எவ்வளவு சிரமம், பம்பரத்தைச் சுற்றுவது எவ்வளவு சுலபம்! சக்கரத்தின் நிலைமம் அதன் விட்டத்தோடு மிகக் கொடூரமாக ஏறும். ஒரே வடிவத்தில், எல்லாப் பக்கமும் 20 சதவீதம் பெரிதாக இன்னொரு சக்கரம் செய்தால், அதன் நிலைமம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகிவிடும். பார்வைக்குக் ‘கொஞ்சம்தானே பெரிசு’ என்று தோன்றுவது புகைக்கு அப்படித் தோன்றாது.

பூஸ்ட் என்ற எண் சொல்லாமல் விடுவது

வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ கூடுதலாகத் தரும் அழுத்தத்தை பூஸ்ட் என்கிறார்கள். கடல் மட்டத்தில் வெளிக்காற்று ஏறத்தாழ 1 பார். அதன்மேல் டர்போ இன்னும் 1 பார் சேர்த்தால், சுமார் 14.5 பிஎஸ்ஐ பூஸ்ட். பலர் இந்த எண்ணையே சக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘அவன் வண்டியும் 1 பார், என் வண்டியும் 1 பார், அப்புறம் அவன் மட்டும் எப்படி முந்துகிறான்?’ என்ற புலம்பல் இதிலிருந்து வருவதுதான்.

ஒரு வாசல் வழியாகக் கூட்டம் உள்ளே நுழைவதாக வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் எவ்வளவு நெருக்கடி என்பதுதான் பூஸ்ட். எத்தனை பேர் உள்ளே போய்ச் சேர்ந்தார்கள் என்பது வேறு கணக்கு. எஞ்சினுக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு, அதாவது நிமிடத்துக்கு எத்தனை கிலோ காற்று. வாசல் குறுகலாக இருந்தாலும் நெருக்கடி இருக்கத்தான் செய்யும்.

இரண்டையும் பிரித்து வைப்பதில் வெப்பத்துக்குப் பெரிய பங்கு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடாகும், சூடான காற்று விரிந்துகொள்ளும், அதே அழுத்தத்திலும் கிலோ கணக்கில் குறைவாகவே இருக்கும். 27 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோகும்போது, 75 சதவீதத் திறனில் வேலை செய்யும் கம்ப்ரசரிலிருந்து அது ஏறத்தாழ 115 டிகிரியில் வெளியே வரும். திறன் 60 சதவீதமாக விழுந்துவிட்டால் 137 டிகிரி. பூஸ்ட் மீட்டரில் இரண்டுக்கும் ஒரே எண்தான். எஞ்சினுக்கு முன்னால் இந்தக் காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் மாதிரியான பொருளே இன்டர்கூலர். அதுவும் ஓரளவுக்குத்தான் சமாளிக்கும். சூடு மீறினால் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினுக்குள் ‘டக் டக்’ என்று தட்ட ஆரம்பிக்கும். பிஸ்டன் உடைவது அங்கிருந்துதான் தொடங்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சக்தி காற்றின் எடையிலிருந்து வருகிறது. பூஸ்ட் என்பது அழுத்தம் மட்டுமே. கம்ப்ரசர் தனக்கு வசதியான நிலையில் வேலை செய்தால்தான் அந்த அழுத்தம் நல்ல எடையாக மாறும்.

லேக் வேறு, தொடக்க எல்லை வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதவர்கள் குறைவு.

எஞ்சின் 1500 ஆர்பிஎம்மில் ஓடும்போது வெளியே வரும் புகை கொஞ்சம்தான். பெரிய டர்பைனுக்கு அது மூச்சுக்காற்று மாதிரி. எவ்வளவு நேரம் மிதித்துக்கொண்டே இருந்தாலும் பூஸ்ட் வராது, ஏனென்றால் போதுமான புகையே இல்லை. பூஸ்ட் உருவாகத் தேவையான குறைந்தபட்ச ஆர்பிஎம்தான் தொடக்க எல்லை. நண்பன் வண்டியில் அது 4500.

லேக் என்பது அந்த எல்லைக்கு மேலே இருக்கும்போதும் மிதித்ததற்கும் பூஸ்ட் வந்ததற்கும் இடையே உள்ள தாமதம். 5000 ஆர்பிஎம்மில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் சக்கரம் மீண்டும் வேகம் பிடிக்க ஒரு கணம் எடுக்கிறதே, அதுதான். ‘என் வண்டியில் பயங்கர லேக்’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் உண்மையில் தொடக்க எல்லைக்குக் கீழே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். ஒரு கியர் குறைத்தாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

பெரிய டர்போவில் இரண்டுமே அதிகம். 1975-ல் வந்த போர்ஷே 911 டர்போ இதற்குப் பேர்போனது: வளைவின் நடுவில் மிதித்தால் உடனே எதுவும் நடக்காது, ஓட்டுநர் இன்னும் அழுத்துவார், பிறகு மொத்தமும் ஒரே நேரத்தில் பின் சக்கரங்களுக்கு வந்து சேரும். 1970-களின் பிற்பகுதியில் வந்த சாப் 99 டர்போ எதிர்த்திசையில் போனது. சிறிய டர்போ, குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை. பந்தயப் பாதையிலும் இதே பாடம்தான். 1977-ல் ரெனோ ஃபார்முலா ஒன்னுக்கு முதல்முறையாக டர்போ எஞ்சினைக் கொண்டுவந்தபோது 1.5 லிட்டர் வி6 எஞ்சினுக்கு ஒரே ஒரு பெரிய டர்போ. புகை கக்கிக்கொண்டு நின்றுபோன அந்த வண்டிக்கு ‘மஞ்சள் டீப்பாட்’ என்று கேலிப்பெயர் விழுந்தது. 1979-ல் ஒரு பெரியதற்குப் பதில் இரண்டு சிறியவற்றைப் பொருத்தினார்கள். அதே ஆண்டு டிஜோனில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் டர்போ வண்டிக்கு முதல் வெற்றி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பயப்பட வேண்டாம், பெருக்கல் மட்டும்தான். நண்பனின் 2 லிட்டர் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம்.

6000 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 3000 முறை காற்றை இழுக்கிறது. 3000 × 2 லிட்டர் = 6000 லிட்டர், அதாவது 6 கன மீட்டர். காற்றின் எடை கன மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ. ஆக 7.2 கிலோ. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுதாக நிரம்பிவிடாது. 90 சதவீதம் என்று வைத்தால் சுமார் 6.5 கிலோ. இது டர்போ இல்லாமல்.

1 பார் பூஸ்ட் கொடுத்தால் இரண்டு மடங்காக வேண்டும் என்று தோன்றும். வெப்பம் கொஞ்சம் தின்றுவிடுவதால், நல்ல இன்டர்கூலர் இருந்தாலும் 1.7 மடங்கு என்று வைத்துக்கொள்வதே நியாயம். நிமிடத்துக்கு 11 கிலோ. டர்போ உலகில் எல்லாவற்றையும் பவுண்டில்தான் பேசுகிறார்கள், எனவே மாற்றிக்கொள்வோம்: ஏறத்தாழ 24 பவுண்டு. பெட்ரோல் எஞ்சினில் நிமிடத்துக்கு 1 பவுண்டு காற்றுக்குச் சுமார் 10 ஹெச்பி என்பது எல்லோரும் பயன்படுத்தும் தோராயம். ஆக 240 ஹெச்பி.

அதே கணக்கை 2500 ஆர்பிஎம்முக்குப் போட்டால் ஏறத்தாழ 10 பவுண்டு வரும்.

கையில் இப்போது இரண்டு எண்கள் இருக்கின்றன: கீழே 10, மேலே 24. தேர்ந்தெடுக்கும் டர்போ இந்த இரண்டையும் வசதியாகச் சமாளிக்க வேண்டும். நண்பன் வாங்கியது 60 பவுண்டு வரை தள்ளக்கூடியது. 600 ஹெச்பி தாங்கும் என்ற வார்த்தையில் மயங்கிவிட்டான். தாங்கும்தான், ஆனால் அந்த எஞ்சின் அவ்வளவு காற்றைக் கேட்கப்போவதே இல்லை.

கம்ப்ரசர் மேப் என்கிற வரைபடம்

ஒவ்வொரு டர்போவுக்கும் தயாரிப்பாளர் ஒரு படம் கொடுப்பார். கம்ப்ரசர் மேப் என்று பெயர். முதலில் பார்த்தால் கைரேகையை விரித்து வைத்தது மாதிரி இருக்கும், பலர் அங்கேயே பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். உண்மையில் இதைப் படிக்க இரண்டு கோடுகளும் ஒரு தீவும் தெரிந்தால் போதும்.

கீழே குறுக்காகப் போவது காற்றின் அளவு, நிமிடத்துக்கு இத்தனை பவுண்டு. நிமிர்ந்து நிற்பது அழுத்த விகிதம்: கம்ப்ரசரை விட்டு வெளியேறும் அழுத்தத்தை உள்ளே வரும் அழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். இரண்டையுமே மொத்த அழுத்தமாக எடுக்க வேண்டும், பூஸ்ட் எண்ணை நேரடியாகப் போடக்கூடாது. 1 பார் பூஸ்ட் என்றால் 2 வகுத்தல் 1, ஆக 2. நடைமுறையில் ஏர் ஃபில்டரிலும் இன்டர்கூலரிலும் கொஞ்சம் அழுத்தம் தொலைவதால் 2.1 அல்லது 2.2 என்று வைப்பார்கள். மலைமேல் போனால் இது இன்னும் மாறும். 2000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று ஏறத்தாழ 0.8 பார்தான். அங்கேயும் எஞ்சினுக்கு மொத்தம் 2 பார் வேண்டுமென்றால் விகிதம் 2.5 ஆகிவிடும். அதே டர்போ, அதே எஞ்சின், ஆனால் உழைப்பு அதிகம்.

படத்தின் நடுவில் முட்டை வடிவத்தில் வளையங்கள் இருக்கும். நடு வளையத்தில் திறன் அதிகம், வெளியே போகப்போகக் குறையும். இதுதான் அந்தத் தீவு. எஞ்சின் பெரும்பாலான நேரம் இதற்குள் இருந்தால் காற்று அதிகம் சூடாகாமல் வரும்.

இடது ஓரத்தில் இருப்பது சர்ஜ் கோடு. இறுக்கமான பலூனை ஊதும்போது மூச்சு சற்றுத் தளர்ந்தால் காற்று வாய்க்கே திரும்பி வருமே, அதுதான் சர்ஜ். கம்ப்ரசர் அழுத்துகிறது, ஆனால் அந்த அழுத்தத்தில் போகும் காற்று மிகவும் குறைவு, இதழ்களின் பிடி நழுவிக் காற்று பின்னால் பாய்கிறது, மறுபடி பிடிக்கிறது, மறுபடி நழுவுகிறது. வினாடிக்குப் பலமுறை. ‘சுதுதுதுது’ என்று புறா சிறகடிப்பது மாதிரி சத்தம் வரும். சிலர் இந்தச் சத்தத்துக்காகவே ஆசைப்படுகிறார்கள்! காலை எடுக்கும்போது கணநேரம் வந்து போவது ஒன்று. மிதித்து ஏற்றும்போதே வருமானால் பேரிங்குக்கு நல்லதில்லை.

வலது ஓரம் சோக். அங்கே கம்ப்ரசரின் வாய்க்குள் காற்று ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். அதற்கு மேல் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கூடுதலாக எதுவும் நுழையாது, சூடுதான் மிச்சம். சிறிய டர்போவைப் பெரிய எஞ்சினில் போட்டு விரட்டினால் வந்து நிற்கும் இடம் இதுதான். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இப்போது நம் இரண்டு புள்ளிகளை, விகிதம் 2.1 என்ற உயரத்தில், 10-இலும் 24-இலும் வையுங்கள். அதிகபட்சம் 25 பவுண்டு தள்ளும் டர்போவின் மேப்பில் 10 நன்றாக உட்காரும், 24 சோக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். நண்பனின் 60 பவுண்டு டர்போவில் 24-தான் இடது ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும், 10 சர்ஜ் கோட்டையே தாண்டி வெளியே விழுந்துவிடும். 33, 35 பவுண்டு வகையில் இரண்டுமே உள்ளே அடங்கும், 24 தீவுக்கு அருகில் இருக்கும், கொஞ்சம் கையிருப்பும் மிச்சம். டர்போ தேர்வு என்று இவ்வளவு பெரிதாகப் பேசப்படுவதில் பாதி வேலை இவ்வளவுதான்.

மீதிப் பாதி எக்ஸாஸ்ட் பக்கம்

கம்ப்ரசர் சரியாக அமைந்தாலும் அதைச் சுற்றும் டர்பைன் தப்பாக இருந்தால் பயனில்லை. இங்கே அடிக்கடி காதில் விழும் சொல் ஏ/ஆர். டர்பைனைச் சுற்றி நத்தைக் கூடு மாதிரி ஒரு உறை இருக்கிறது அல்லவா, அதில் புகை போகும் வழியின் குறுக்குப் பரப்பை, அந்த வழி தண்டின் மையத்திலிருந்து இருக்கும் தூரத்தால் வகுத்த எண். சூத்திரத்தை மறந்துவிடுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறிக்கொண்டு போகும். சிறிய ஏ/ஆர் அப்படித்தான்: கொஞ்சம் புகையே சீறி வந்து சக்கரத்தை அடிக்கும், பூஸ்ட் சீக்கிரம் வரும். ஆனால் விரலை எடுக்காமலே குழாயை முழுவதும் திறந்தால்? தண்ணீர் பின்னால் முட்டும். உயர் ஆர்பிஎம்மில் புகைக்கும் அதே கதி.

‘புகை எப்படியும் வீணாகத்தானே போகிறது, டர்போ தருவது இலவச சக்தி’ என்று சொல்வார்கள். முழுக்க உண்மையில்லை. டர்பைன் வழியை அடைப்பதால் பிஸ்டன் அந்தப் புகையைத் தள்ளி வெளியேற்ற உழைக்க வேண்டியிருக்கிறது. டர்பைன் மிகச் சிறியதாக இருந்தால், உள்ளே போகும் பூஸ்டைவிட வெளியே முட்டும் அழுத்தம் இரண்டு மடங்கு ஆவதும் உண்டு. பெரிய டர்பைனில் அதே பூஸ்டுக்கு அதிக சக்தி கிடைப்பதன் காரணம் இதுதான். வாசலில் ஒரே நெருக்கடி, ஆனால் பின்கதவு அகலம்.

பூஸ்ட் போதுமான அளவை எட்டியதும் மீதிப் புகையை டர்பைனைத் தொடாமல் வேறு வழியில் திருப்பிவிடும் சிறு கதவுக்கு வேஸ்ட்கேட் என்று பெயர். சிறிய டர்போவையும் பெரிய எஞ்சினையும் ஓரளவு சமாதானமாக வாழவைப்பது இந்தக் கதவுதான்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு

கீழேயும் இழுவை, மேலேயும் சக்தி என்று ஆசைப்பட்டால் வழிகள் உண்டு. டர்பைனைச் சுற்றி நகரும் தகடுகளை வைத்து, தேவைக்கேற்ப வழியைக் குறுக்கியும் அகட்டியும் கொள்ளும் டர்போ டீசல் கார்களில் இன்று சாதாரணம். பெட்ரோல் புகை அதைவிடச் சூடு, 1000 டிகிரியைத் தொடும். அந்தத் தகடுகள் தாக்குப்பிடிப்பது கடினம் என்பதால் பெட்ரோல் கார்களில் தாமதமாகத்தான் வந்தது, 2006-ல் போர்ஷே 911 டர்போ போல. ஒரு சிறியதும் ஒரு பெரியதுமாக இரண்டு டர்போக்களை மாற்றி மாற்றி வேலை வாங்கும் ஏற்பாடும் உண்டு. காசும் குழாய்களும் கூடும். முதன்முறை டர்போ மாற்றுகிறவருக்கு இவை தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் டர்போ ஏன் இத்தனை சிறியதாக இருக்கிறது என்று நொந்துகொள்பவர்களுக்கு ஒன்று. உங்கள் வண்டியின் ஆர்பிஎம் மீட்டரை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். ஊசி பெரும்பாலும் 1500-க்கும் 3500-க்கும் இடையிலேயே இருக்கும். அந்த இடத்துக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

நண்பன் கடைசியில் 35 பவுண்டு வகைக்கு மாறினான். உச்ச சக்தி பத்து ஹெச்பி குறைந்தது, பூஸ்ட் 2600-லேயே வந்துவிடுகிறது. பழைய பெரிய டர்போவை விற்கப் பார்க்கிறான். விசாரிக்கும் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை ஹெச்பி தாங்கும் என்றுதான். போன வாரம் வந்து, சக்கரத்தை விரலால் சுண்டிப் பார்த்து, நல்ல கனமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, முன்பணம் கொடுத்துப் போனவரிடம் இருப்பது 1.2 லிட்டர் எஞ்சின்.